துணைக்கு வந்தவர்

பரசுராமனுக்கு அவசரமாக ஒரு செவிடன் தேவைப்பட்டான். காது நன்றாகக் கேட்கிற செவிடனாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டோல்கேட்டில் சின்னப்பையன் வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னான். சின்னப்பையன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"காது போனது உனுக்கு. மாநாடு உனுக்கு. நடுவுல நான் இன்னாத்துக்கு மாமு?"

இதை அவன் பரசுராமனின் முகத்துக்கு நேராக நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான். அப்படிக் கேட்டால்தான் பரசுராமனுக்குப் புரியும். இந்த ரகசியம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவன் மனைவி கெங்கம்மா. மற்றவன் சின்னப்பையன்.

பரசுராமன் துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுகிறவன். கப்பலின் வயிற்றுக்குள் கிடக்கும் சரக்கை மேலே தூக்கிக் கரையில் இறக்குகிற இயந்திரம் அது. பன்னிரண்டு வருஷம் அதன் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்றதில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் காதுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றுக்கொண்டன. வேலைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. விஞ்சு ஓட்டுகிறவன் நிற்கிற இடத்திலிருந்து கப்பலின் அடித்தளம் தெரியாது. ஓரத்தில் நின்று சின்னப்பையன் கை காட்டுவான். உள்ளங்கை மேலே போனால் தூக்க வேண்டும், கீழே போனால் இறக்க வேண்டும், முஷ்டியை மடக்கினால் அப்படியே நிறுத்த வேண்டும். பத்து வருஷமாகப் பரசுராமன் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். கட்டின பெண்டாட்டி முகத்தைக்கூட அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்பது கெங்கம்மாவின் நீண்டகாலப் புகார்.

இப்போது வந்த வினை வேறு. ஒரு மாதமாக மேஸ்திரி சௌக்கத் அலி கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரிந்துகொண்டிருந்தார். யார் யாருக்குக் காது மந்தம் என்று ஜாடைமாடையாக விசாரித்துப் பட்டியல் எழுதுகிறாராம். பட்டியல் என்றால் என்ன என்று துறைமுகத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன பட்டியலில் பெயர் வந்தவர்கள் இன்றைக்கு மூர் மார்க்கெட் வாசலில் பழைய செருப்பு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் ஏறாமல் தப்ப வேண்டும். பரசுராமனுக்கு அந்த ஐம்பத்து நாலாம் வருஷத்தில் வேறு ஆசையே இல்லை.

ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் காது கேளாதோர் மாநாடு நடக்கப்போகிறது, அங்கே ஒருவருக்குக் காது மெஷின் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று கெங்கம்மா குழாயடியில் கேட்டு வந்திருந்தாள். மெஷின் கிடைத்தால் தலைப்பாகைக்குள் மறைத்துக்கொள்ளலாம். மேஸ்திரி எப்படிச் சோதித்தாலும் தாக்குப்பிடிக்கலாம்.

"நான் செவிடன்னு போய் நின்னா, எவனாவது பாத்துட்டு மேஸ்திரிகிட்ட வத்தி வெச்சிடுவான்" என்றான் பரசுராமன். "நீ செவிடு. நான் துணைக்கு வந்தவன். மெஷினு உன் பேர்ல வரும். அத்த நைஸா என் கைல குடுத்துடு."

"மாட்டிகினா?"

"நீ வாயத் தொறக்காம இரு. அது போதும்."

"அது எனுக்கு வூட்லயே பழக்கந்தான்" என்று சின்னப்பையன் உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு சொன்னான். உள்ளே அவன் மனைவி வரலட்சுமி நாலு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் திட்டிக்கொண்டிருந்தாள்.

போகிற வழியிலேயே இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். யாராவது பரசுராமனைப் பேச்சுக்கு இழுத்தால் சின்னப்பையன் அவன் கால் கட்டைவிரலை மிதிப்பான். ஒரு மிதி என்றால் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், ஆமாம் என்று சொல். இரண்டு மிதி என்றால் இல்லை என்று சொல். வாசலில் பெயர் பதிகிறவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்பதையும் கெங்கம்மா விசாரித்து வரிசையாக மனப்பாடம் செய்வித்திருந்தாள். பெயர், வயது, விலாசம், வேலை, காது போய் எத்தனை வருஷம்.

ஹால் வாசலில் ஃப்ளோரன்ஸ் என்ற பெண் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். காது கேளாதவர்களுக்கு நீல ரிப்பன், துணைக்கு வந்தவர்களுக்குச் சிவப்பு ரிப்பன். சின்னப்பையன் சட்டையில் நீலம் ஏறியது, பரசுராமன் சட்டையில் சிவப்பு. அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஃப்ளோரன்ஸ் மூக்கு காகிதத்தில் படுகிற மாதிரி குனிந்து எழுதுகிறவள். அவள் உதடு தெரியவில்லை, உச்சி வகிடுதான் தெரிந்தது. பரசுராமன் மனப்பாடத்தை நம்பித் துணிந்தான்.

"எத்தினி வருசமாக் காது கேக்கல?" என்று கேட்டாள் அவள்.

"சின்னப்பையன்" என்றான் பரசுராமன்.

பேனா ஒரு கணம் நின்றது. "அது பேரா? சரி. பொறந்ததுலேருந்தா, நடுவுலயா?"

"முப்பத்தாறு."

"முப்பத்தாறு வயசுலயா போச்சு? இப்ப இன்னா வயசு?"

"டோல்கேட்டு. மரக்கடைக்குப் பின்னால."

சின்னப்பையன் கட்டைவிரலை இரண்டு தடவை மிதித்தான். நான்கு தடவை மிதித்தான். பிறகு கணக்கில்லாமல் மிதித்தான். தோஸ்து நம்மைப் பாராட்டுகிறான் என்று எண்ணிக்கொண்ட பரசுராமன் அடுத்த கேள்விக்குக் காத்திராமலே "துறைமுகத்துல வேலை" என்றான்.

"முப்பத்தாறு இப்ப வயசும்மா. காது போயி ரெண்டு வருசந்தான் ஆவுது" என்று பொறுக்க மாட்டாமல் சின்னப்பையனே சொல்லிவிட்டான். சொல்லி முடித்த பிறகுதான் தான் செவிடன் என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

ஃப்ளோரன்ஸ் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பரசுராமனுக்கு நடந்தது முழுவதும் புரிந்துவிட்டது.

"ஒதட்டப் பாத்தே பதில் சொல்லிடுவான்மா" என்றான்.

"நான் குனிஞ்சிகினு இல்ல இருந்தேன்?"

"உச்சந்தலையப் பாத்தும் சொல்லுவான். அவ்ளோ பழக்கம்."

இதைச் சொன்னபோது பரசுராமனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஃப்ளோரன்ஸ் கண்ணை அகல விரித்து, பேனாவைப் போட்டுவிட்டு, உள்ளே ஓடினாள். தொல்லை விட்டது என்று இருவரும் ஹாலுக்குள் நுழைந்தார்கள். தொல்லை அவர்களுக்கு முன்னாலேயே உள்ளே போயிருந்தது.

ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எங்கே பார்த்தாலும் கைகள் பேசிக்கொண்டிருந்தன. விரல்கள் கேள்வி கேட்டன, உள்ளங்கைகள் பதில் சொன்னன, ஒரு மூலையில் இரண்டு கிழவர்கள் பத்து விரலாலும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பரசுராமன் முகத்துக்கு நேராக வந்து கத்தவில்லை. ஒருவரும் "காது இன்னா தூங்குதா" என்று கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு மனசு லேசாக இருந்தது. இங்கேயே ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

அப்போது சின்னப்பையன் அவன் முழங்கையைக் கிள்ளி மேடையைக் காட்டினான்.

மேடையில், நடு நாற்காலியில், புதுக் குல்லாயோடு மேஸ்திரி சௌக்கத் அலி உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த நோட்டுப் புத்தகம் இருந்தது. காது மெஷினை வாங்கிக் கொடுத்ததே இவர்கள் வேலை செய்கிற கம்பெனிதான் என்பதும், கம்பெனி சார்பில் மேஸ்திரி வந்திருக்கிறார் என்பதும் குழாயடிக்கு எட்டாத செய்தி.

மேஸ்திரி முதலில் பரசுராமனைப் பார்த்தார். அடுத்து சின்னப்பையனைப் பார்த்தார். சின்னப்பையன் சட்டையில் இருந்த நீல ரிப்பனைப் பார்த்ததும் அவர் புருவம் மேலே போனது. நோட்டைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

சின்னப்பையன் ரிப்பனைப் பிடித்து இழுத்தான். சட்டை கையோடு வந்தது, ரிப்பன் மட்டும் கழன்று வரவில்லை.

"வா ஓடிடலாம்" என்று கையைக் காட்டினான் பரசுராமன்.

இருவரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். கதவில் சுகிர்தம் டீச்சர் நின்றிருந்தார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர், மாநாட்டை நடத்துகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பேசும்போது நாலு பக்கமும் திரும்பிக்கொண்டே பேசுவார்.

"உங்களைத்தான் தேடிட்டிருக்கேன். உச்சந்தலையைப் பார்த்தே பேச்சைப் புரிஞ்சுக்கிடுதாராமே இவரு. ரெண்டு பேரும் மேடைக்கு வாங்க, எப்படின்னு எல்லாரும் பார்க்கட்டும். வருவீயள்லா?"

செவிடான பிறகு பரசுராமன் கண்டுபிடித்திருந்த தந்திரம் ஒன்று உண்டு. புரியாததற்கெல்லாம் சிரித்த முகமாக "ஆமாம்" என்று சொல்லிவிடுவான். இந்த ஒரு வார்த்தையால் அவன் இரண்டு வருஷத்தில் தனக்கு வேண்டாத ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கியிருக்கிறான். முன்பின் தெரியாத ஒருவர் கல்யாணத்துக்கு நூறு தேங்காய் தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறான். இருந்தும் புத்தி வரவில்லை.

"ஆமாம்மா" என்றான் சிரித்துக்கொண்டே.

அடுத்த நிமிஷம் இருவரும் மேடையில் நின்றார்கள்.

சுகிர்தம் டீச்சர் சபைக்குக் கையாலும் வாயாலும் விளக்கினார். துணைக்கு வருகிறவர் எவ்வளவு முக்கியம் என்று காட்டப் போகிறார். துணைவர் காதில் அவர் ஒரு வேலையை மெதுவாகச் சொல்லுவார். துணைவர் அதைக் கைச்சாடையால் காது கேளாதவருக்குச் சொல்ல வேண்டும். அவர் அதைச் செய்து காட்ட வேண்டும்.

பரசுராமன் மேடை ஓரத்தில், திரைச்சீலைக் கயிறு கட்டியிருந்த தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டான். சின்னப்பையன் எதிரே நாலு முழம் தள்ளி நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில், திரைக்கு நேர் கீழே, மேஸ்திரி.

டீச்சர் விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு பரசுராமன் காதில் சொன்னார். "அந்தத் தண்ணிக் கூஜாவை எடுத்து மேஸ்திரி ஐயாகிட்ட கொடுக்கச் சொல்லுங்க."

பரசுராமன் காதுக்குள் விசிறிக் காற்றுதான் போனது. ஆனால் சொல்லும்போது டீச்சரின் கண் ஒரு தடவை கூஜாவுக்குப் போய், மேஸ்திரிக்குப் போய்த் திரும்பியது. பரசுராமன் அதைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த சைகை விஞ்சு சைகைதான். கூஜாவைக் காட்டி உள்ளங்கையை மேலே தூக்கினான், பிறகு மேஸ்திரி பக்கம் கையை ஒரு சுற்றுச் சுற்றினான். சின்னப்பையன் கூஜாவை எடுத்து மேஸ்திரி கையில் வைத்தான்.

கைதட்டல் எழுந்தது. மேஸ்திரி கூஜாவோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷம் துறைமுகத்தில் ஊறினவருக்கு அந்தச் சைகை தெரியாதா. சைகை சரி, செய்ததும் சரி. பரசுராமன் பாம்புக் காதுக்காரன்தான் போலிருக்கிறது என்று அவர் முகம் சொன்னது.

"இன்னொண்ணு பார்ப்போம்" என்றார் டீச்சர். "கண்ணால ஜாடை காட்டினேன்னு யாரும் சொல்லக் கூடாது." ஜெபம் செய்கிற மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, விசிறிக்குப் பின்னால் இன்னும் மெதுவாக முணுமுணுத்தார். "அந்தக் காலி நாற்காலியை மேடையிலேருந்து கீழ இறக்கி வைக்கச் சொல்லுங்க."

பரசுராமனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

சின்னப்பையனுக்கோ கப்பல் அடியில் எலி ஓடினால்கூடக் கேட்கும். டீச்சர் சொன்னது எழுத்துப் பிசகாமல் விழுந்தது. ஆனால் பரசுராமன் சைகை காட்டுவதற்கு முன்னால் நாற்காலியைத் தொட்டால், தனக்குக் காது கேட்கிறது என்று தெரிந்துவிடும். பரசுராமன் தப்பான சைகை காட்டினால், அவனுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் மேஸ்திரி மடியில் நோட்டு இருக்கிறது.

சின்னப்பையன் ஒரு யோசனை செய்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தபடி, உள்ளங்கையால் முகத்து வேர்வையை மேலிருந்து கீழே மெதுவாக வழித்துவிட்டான்.

பரசுராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கை கீழே போனால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் வலது கை நாற்காலியைக் காட்டி, இறக்கு என்று சைகை செய்தது. அத்தோடு நின்றிருந்தால் நல்லது. பத்து வருஷப் பழக்கம் யாரை விட்டது? சின்னப்பையன் கை கீழே போனபோதெல்லாம் பரசுராமனின் இடது கை ஒரு லீவரைத் தள்ளியிருக்கிறது. இப்போதும் அந்த இடது கை பக்கத்தில் அகப்பட்டதைப் பிடித்தது. அகப்பட்டது திரைச்சீலைக் கயிறு.

மூங்கிலில் சுற்றியிருந்த கனத்த திரை, மேஸ்திரி தலைக்கு மேலே கடகடவென்று இறங்கியது.

ஹாலில் காது கேட்கிற அத்தனை பேரும் கூச்சல் போட்டார்கள். டீச்சர் அலறினார். ஃப்ளோரன்ஸ் வாசலிலிருந்து "கயித்த வுடு" என்று கத்தினாள். வேறொருவர் "வுடாத, புடி" என்று கத்தினார். மேஸ்திரி கூஜாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பரசுராமன் ஒரு கூச்சலையும் கேட்கவில்லை, சின்னப்பையன் கையை மட்டுமே பார்த்தான். சின்னப்பையன் முஷ்டியை மடக்கினான். மூங்கில் மேஸ்திரியின் குல்லாய்க்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றது.

மேஸ்திரி கண்ணைத் திறந்தபோது திரை மறுபடி மேலே போயிருந்தது. காலி நாற்காலி ஒழுங்காகக் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

"நான் முணுமுணுத்தது எனக்கே கேட்கலை. இவருக்கு எப்படிக் கேட்டுச்சு பாருங்க" என்று டீச்சர் பரசுராமனின் தோளைத் தட்டினார். சபை கைதட்டியது. முன் வரிசையில் நீல ரிப்பன் குத்தியிருந்த ஒரு மீன்காரப் பெண்மணி மட்டும் கைதட்டாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் சின்னப்பையனைக் காட்டி விரலை ஆட்டினாள். பரசுராமனைக் காட்டித் தன் காதைத் தொட்டுத் தலையசைத்தாள். அந்த வரிசை முழுவதும் சிரித்தது. அவர்களை ஏமாற்ற முடியவில்லை என்பது பரசுராமனுக்குத் தெரிந்தது. நல்லவேளை, பட்டியல் அவர்கள் கையில் இல்லை.

மேடையை விட்டு இறங்கி, ஹாலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாய்ப் பக்கம் போனார்கள். பின்னாலேயே பூனை மாதிரி மேஸ்திரி வந்தார். பரசுராமன் முதுகுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, மிக மெதுவாக, "பரசுராமா" என்று கூப்பிட்டார்.

கட்டைவிரலில் ஒரு மிதி விழுந்தது.

பரசுராமன் திரும்பினான். "கூப்ட்டீங்களா பாய்?"

மேஸ்திரி முகம் ஏனோ வாடிவிட்டது. "கேட்டுச்சா ஒனக்கு? மெதுவாத்தானே கூப்ட்டேன்."

"மெதுவாக் கூப்ட்டா இன்னா பாய்? ஊசி வுழுந்தாலே கேக்கும் எனக்கு."

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். நோட்டைத் திறந்தார். பரசுராமன் எட்டிப் பார்த்தான். பக்கத்தின் உச்சியில், முதல் பெயராக, 'பரசுராமன்' என்று எழுதியிருந்தது. அவன் கண் முன்னாலேயே மேஸ்திரி அதை ஒரு கோடு போட்டு அடித்தார். பரசுராமனுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அப்புறம் அவர் சின்னப்பையனைத் திரும்பிப் பார்த்தார். சின்னப்பையன் ஆகாயத்தில் போகிற காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி அவன் முதுகை அன்போடு தட்டிக் கொடுத்துவிட்டு, அடித்த பெயருக்குக் கீழே 'சின்னப்பையன்' என்று நிதானமாக எழுதினார்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்னப்பையன் தப்பியிருப்பான். எனக்குக் காது கேட்கும் பாய், செவிடு இவன்தான் என்று சொன்னால் போதும். அவன் சொல்லவில்லை. காக்கை போன பிறகும் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடையில் செய்து காட்டியதற்காகச் சாயங்காலம் காது மெஷினும் அவனுக்கே கிடைத்தது. நெஞ்சில் தொங்கவிடும் பெட்டி, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பி முனையில் காதுக்குள் வைக்கிற குமிழ். டீச்சர் அதை மாட்டித் திருகிவிட்டதும், நல்ல காதில் நூறு பேர் கைதட்டல் இடியாக இறங்கியது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சபை அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது.

கடலோரமாக வீட்டுக்கு நடந்தபோது சின்னப்பையன் மெஷினைக் கழற்றிப் பரசுராமன் கழுத்தில் மாட்டிவிட்டான். பரசுராமன் குமிழைக் காதில் வைத்துக்கொண்டான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் காதில் விழுந்த முதல் சத்தம், சின்னப்பையன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அழுவுறியா?"

"சளி" என்றான் சின்னப்பையன். "வுடு மாமு. வேல போனா மூட்ட தூக்கறேன். மரக்கடைல மரம் தூக்க ஆள் எடுக்கறான். எனக்கு இன்னா, ஒடம்பு கீது."

"சொல்லியிருக்கலாமேடா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீதானே வாயத் தொறக்காதன்னு சொன்னே."

பரசுராமன் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தான். மெஷின் இருந்தும் அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் கெங்கம்மா முதலில் மெஷினைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நடந்ததைக் கேட்டாள். கேட்டு முடிந்ததும் சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத்தினி நாளு உனுக்குக் காதுதான் இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "நாலு புள்ளக்காரன் சோத்துல மண்ணப் போட்டுட்டு வந்து இன்னா தைரியமா சாப்பாட்டுக்கு உக்காருறே?"

மெஷின் நல்ல மெஷின். ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமை காலை பரசுராமன் ஒரு முடிவோடு துறைமுகத்துக்குப் போனான். தலைப்பாகை கட்டவில்லை. பெட்டியை நெஞ்சில் எல்லோரும் பார்க்கிற மாதிரி தொங்கவிட்டுக்கொண்டான். போகிற வேலை தன்னுடையதாகப் போகட்டும். பழைய செருப்பு விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம். கெங்கம்மாவுக்கு ஆட்டுக்குட்டியாவது இருக்கிறது.

கேட்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகை முன்னால் ஒரே கும்பல். பரசுராமன் நின்று பார்க்கவில்லை, பார்த்தால் தைரியம் போய்விடும். நேராகக் கம்பெனி டைம் கீப்பர், திருநெல்வேலிக்காரர் ராசையாவின் ஜன்னலுக்குப் போனான். அங்கேயும் ஒரு வரிசை நின்றது. ஒவ்வொருவராக ஜன்னலில் ஏதோ முறையிட்டுவிட்டு, முனகிக்கொண்டே போனார்கள். பரசுராமன் முறை வந்தது.

"ராசையாண்ணே, பட்டியல்ல சின்னப்பையன் பேரு கீதே, அத்த அடிச்சுட்டு என் பேரப் போடு. செவிடு நான்தான். ரெண்டு வருசமா மறச்சிகினு கீறேன். அவனுக்கு நல்லாக் கேக்கும். நேத்து மாநாட்டுல ஆடினது அத்தினியும் நாடகம்."

இதைச் சொல்லி முடித்ததும் அவனுக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. ராசையா பேனாவைத் தொடவில்லை.

"நீரு பதினோராவது ஆளு" என்றார்.

"எதுல?"

"நான்தான் செவிடு, என் பேரைப் போடும்னு காலையிலேருந்து இந்த ஜன்னலுக்கு வந்ததுல. உமக்கு முன்னால நின்னவன், பின்னால ஒருத்தன் இருமினதுக்குத் திரும்பிப் பாக்கான்."

பரசுராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெஞ்சுப் பெட்டியை எடுத்து ஜன்னல் கம்பிக்குள் நீட்டினான். "இத பாரு. மெஷினு. இது இல்லாட்டி நீ பேசறதே எனக்குக் கேக்காது."

"அது சின்னப்பையனுக்குக் கொடுத்த மெஷின்லா? அதையும் பிடுங்கிட்டு வந்துட்டீரா? தோஸ்துன்னு கேள்விப்பட்டேன்."

"தோஸ்துன்றதாலதான் சொல்றேன். நாலு புள்ளங்கள வெச்சிகினு கீறான். வேல போனா என் வேல போவட்டும். அவன வுட்டுடுங்க."

ராசையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பரசுராமன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் அவர் சொன்னது, மெஷினின் புண்ணியத்தில், ஓர் எழுத்துப் பிசகாமல் பரசுராமன் காதில் விழுந்தது.

"வேலை போகுதுன்னு உமக்கு யாருவே சொன்னா? ஊரு போடுத கூச்சலைக் கேட்டு லீவரைத் தொடாம, கையை மட்டும் பார்த்து ஓட்டுத செவிடன்தான் புதுக் கிரேனுக்கு வேணும்னு மேஸ்திரி எடுத்த பட்டியல்லா அது, ஒண்ணரை மடங்கு சம்பளத்துக்குச் சின்னப்பையன் விடிஞ்சதுமே கிரேன்ல ஏறி உக்காந்துட்டான்."